போதும் சொல்ல ஓர் ஆள்

தக்காளியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மகாராஜன். கட்டைவிரலால் மேலே ஓர் அமுக்கு, கீழே ஓர் அமுக்கு, பிறகு மூக்குக்குக் கொண்டுபோய் ஒரு மோப்பம். காய்கறிக்கடைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அண்ணாச்சி, பழம் எது, காய் எதுன்னு கண்ணால பாத்தாத் தெரியாதா? நீங்க அமுக்குத அமுக்குல இங்கனயே சட்னி ஆயிரும் போலிருக்கே!"

"கை சொன்னாத்தாம்மா எனக்கு நம்பிக்கை" என்று மழுப்புகிறார் மகாராஜன். எத்தனையோ வருஷமாக இதே பதில்தான். தூத்துக்குடியில் மூன்று காய்கறிக் கடைகள் மாறிவிட்டன, பதில் மாறவில்லை. உண்மை என்னவென்றால் அவருக்குச் சிவப்பு தெரியாது. பழுத்த தக்காளியும் பழுக்காத தக்காளியும் அவர் கண்ணுக்கு ஒரே கலங்கல். மங்கலான சிவப்பு என்றால் சுத்தமாகக் கறுப்புதான். இது தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தி. அவள் இப்போது ஊரில் இல்லை.

ஐம்பத்தொன்பது வயது. ஒடிசலான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ கட்சிக்காரர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். கட்சியும் இல்லை, கொடியும் இல்லை. வெள்ளைக்கு வெள்ளை போட்டால் தப்பாகப் போட வழியில்லை, அவ்வளவுதான் விஷயம். இளவட்டமாக இருந்தபோது துறைமுகத்தில் வேலைக்கு எழுதிப்போட்டு எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் கண் டாக்டரிடம் மாட்டிக்கொண்டார். "ஒரு புத்தகத்தை விரிச்சு, இதுல என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டாரு. எல்லாவனுக்கும் நம்பர் தெரிஞ்சிருக்கு. எனக்கு வெறும் மணலு" என்று பின்னாளில் அந்த ஒருத்தியிடம் மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து, வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு மாமாவின் துப்பாக்கிப் பட்டறையில் சேர்ந்தார். மாமா போனபின் பட்டறையும் அதன் லைசென்ஸும் இவர் பெயருக்கு வந்தன.

மட்டக்கடையிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்புகிற சந்தில் அந்தப் பட்டறை இருக்கிறது. பக்கத்துக் கடையில் நாளெல்லாம் சங்கு அறுப்பார்கள். அந்தத் தூள் பறந்து வந்து இவர் மேஜையில் மாவு மாதிரி படியும். கடலிலிருந்து கொண்டல் காற்றடிக்கும் மாதங்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த உப்புதான் இவருக்குச் சோறு போடுகிறது என்றும் சொல்லலாம். பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளிகளின் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இந்த ஊர்க் காற்றில் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் ஒரு தடவை, திரும்ப வாங்கியபின் ஒரு தடவை என்று இவரிடம் எண்ணெய் போடக் கொண்டுவருவார்கள். "கட்சிக்காரனுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எலெக்சன். எனக்கு அதுலயே ரெண்டு தீபாவளி" என்பார்.

ஆனால் மனிதர் கண் மூடி லயிக்கிற வேலை வேறு. அதற்குப் பெயர் 'ஒட்டு.'

துப்பாக்கிக்காரர்களில் ஒரு தினுசு உண்டு. கடையில் விற்கிற தோட்டா அவர்களுக்கு ஆகாது. ஒரு ரகத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை மட்டும் இறுக்கி, வேறொரு ரகத்தின் சன்னமான குண்டு உட்காரும்படி ஆக்கிக்கொள்வார்கள். எந்தத் தொழிற்சாலையும் அப்படி ஒன்றைச் செய்வதில்லை. அந்த ஒரு ரைபிளுக்கு அந்த ஒரு கூடு, வேறெதுவும் உள்ளே நுழையாது. வெளிநாட்டில் இந்த ஜாதித் தோட்டாவுக்குக் காட்டுப்பூனை என்று பெயராம். மகாராஜனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "அடி ஒரு மரம், நுனி ஒரு மரம். ஒட்டுமாங்கா மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பூனைக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

மருந்து ஏற்றுவதும் குண்டு பொருத்துவதும் அவர் சோலி அல்ல. அதற்கு லைசென்ஸ் உள்ளவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். இவர் வெறும் கூட்டைத்தான் உருவாக்குகிறார். சுட்டு முடித்த பழைய கூட்டை எஃகு அச்சுக்குள் வைத்து அழுத்தினால் கழுத்து சுருங்கும். சுருங்கச் சுருங்கப் பித்தளை விறைத்துக்கொள்ளும். விறைத்ததை மேலும் அழுத்தினால் கீறிவிடும். அதனால் நடுநடுவே கழுத்துக்கு மட்டும் நெருப்பைக் காட்டி இளக்க வேண்டும். அடிப்பாகம் இளகிவிட்டாலோ, அந்தக் கூடு ஒருநாள் ஆளையே காவு வாங்கிவிடும். ஷட்டரைப் பாதி இறக்கி, இருட்டாக்கி, கேஸ் நெருப்பில் கூட்டை உருட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் கழுத்தில் சிவப்பு லேசாகக் காணும். கண்டதும் தண்ணீரில் தட்டிவிட வேண்டும். முந்தினால் விறைப்பு போகாது; பிந்தினால் பிசைந்த மாவாகிவிடும்.

அந்த மங்கல் சிவப்பு கண்ணுக்கே தெரியாத ஒரு மனிதர் இந்த வேலையை முப்பது வருஷமாக எப்படிச் செய்தார் என்று கேட்பீர்கள். அங்கேதான் முருகேஸ்வரி வருகிறாள்.

கல்யாணமான புதிது. மாமா ஏதோ வேலையாகத் திருச்செந்தூர் போயிருந்த நேரத்தில் இவர் தனியாக உட்கார்ந்து கூடு கூடாகக் கருக்கிக்கொண்டிருந்தார். மாமா வந்தால் தோலை உரித்துவிடுவார். மதியச் சாப்பாடு கொண்டுவந்த முருகேஸ்வரி, தூக்குவாளியைக்கூட இறக்கி வைக்காமல் கத்தினாள்: "ஐயோ, போதும் போதும்! செவந்துட்டு!"

"எங்கன செவந்துட்டு?" என்றார் மகாராஜன், அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு.

அவள் கூட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தூக்குவாளியை வைத்துவிட்டு மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த கூட்டை எடுக்கும்படி தலையை ஆட்டினாள். அந்த முக்காலிதான் இன்றுவரை அவள் இடம். மறுநாளிலிருந்து கையோடு முருங்கைக்கீரை கொண்டுவர ஆரம்பித்தாள். பட்டறையில் ஆள் இருக்கும்போது தலையைக் குனிந்து கீரை உருவுவாள். உருவியபடியே கீரையிடம் சொல்வதுபோல் "போதும்" என்பாள். மகாராஜன் கூட்டைத் தட்டிவிடுவார். வாடிக்கைக்காரர்கள் அவள் ஏதோ கீரைக்குக் கணக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். "வீட்ல இருந்தா அவளுக்குப் பொழுது போவாது, அதான் வந்து உக்காந்திருக்கா" என்று இவர் வேறு பெரிய மனுஷன் மாதிரி சொல்லி வைப்பார். அடேயப்பா, என்ன ஒரு கமுக்கம் இரண்டு பேருக்கும்!

போன வருஷம் சென்னையில் மகன் ஜெயகணேஷுக்குக் குழந்தை பிறந்தது. மருமகள் பானுப்ரியாவுக்கு அம்மா இல்லை. "மூணு மாசம் பிள்ளையைப் பாத்துக்குடுத்துட்டு வந்துருதேன்" என்று கிளம்பினாள் முருகேஸ்வரி. அவள் மூட்டை கட்டும்போது மகாராஜன் பார்த்துக்கொண்டே நின்றார். சேலை, மாத்திரை, குழந்தைக்கு வசம்பு, மக்ரூன் டப்பா. கடைசியாக அடுக்களைக்குப் போய் அரிவாள்மனையை எடுத்துப் பேப்பரில் சுற்றினாள். "அவ வீட்ல கத்தியும் பலகையுந்தான் இருக்கு. எனக்கு அதுல வெட்டத் தெரியாது." மூன்று மாதத்துக்குப் போகிறவள் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போவாளா? ஆனால் இவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே. "நான் பாத்துக்கிடுதேன். நீ பையப் போயிட்டு வா" என்றார்.

பையத்தான் போனாள். மூன்று மாதம் என்றது இழுத்துக்கொண்டே போனது. பிள்ளைக்குச் சளி, பிறகு பல் முளைப்பு, பிறகு பானுப்ரியா வேலைக்குத் திரும்பியது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். கோபப்படவும் வழியில்லை. இருட்டிய பிறகு முத்துநகர் எக்ஸ்பிரஸ் சென்னைக்குக் கிளம்பும் ஊதல் பட்டறைவரை கேட்கும். கையில் எந்த வேலை இருந்தாலும் மகாராஜன் அப்போது நிறுத்திவிடுவார். ஏறி உட்கார்ந்தால் விடியும்போது அவள் முகம். ஆனால் ஊரார் துப்பாக்கிகளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிற மனுஷன், சாவியை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது? குழந்தைக்குப் பெயர் வைத்தபோது மட்டும் பட்டறையில் இருந்ததையெல்லாம் உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒரே ஒரு நாள் போய் வந்தார். அங்கே முருகேஸ்வரி எல்லாருக்கும் கிடைத்தாள், இவரைத் தவிர. குழந்தை அறையிலேயே படுத்தாள். சோபாவில் விருந்தாளிபோல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஆக, வீடு வெறிச்சென்று ஆயிற்று. தன் சமையலைத் தானே தின்ன முடியவில்லை. காய்த் தக்காளியைப் போட்டு ரசம் வைத்தால் வேறு எப்படி இருக்கும்? பட்டறையில் யாராவது அந்த முக்காலியை இழுத்தால், "அதுல வேண்டாம் சார், ஆடும்" என்று தடுத்துவிடுவார். அது ஒன்றும் ஆடாது. தினமும் அவளுக்குப் போன் போடுவார். "சாப்பிட்டியளா?" "ம்." "என்ன கறி?" "ரசம்." அதற்குமேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் பேசியெல்லாம் குடும்பம் நடத்தியவர்களா அவர்கள்! முருகேஸ்வரி போனைப் பேத்தியின் முகத்துக்குத் திருப்பிவிடுவாள். பேத்தி அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் மகாராஜன் பார்க்க நினைத்தது அந்த முகத்தை அல்ல. ஒட்டு வேலை யாராவது கொண்டுவந்தால், "கண்ணு கொஞ்சம் சரியில்ல, பிறவு பாப்போம்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

புரட்டாசி வாக்கில் நாசரேத்திலிருந்து வேதமணி சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இலக்குச் சுடும் போட்டிகள் என்றால் பைத்தியம். அவர் அப்பா காலத்து ரைபிள் ஒன்று அவரிடம் இருக்கிறது, பக்கா ஒட்டு. அதற்கான கூடுகள் எல்லாம் கீறி முடிந்துவிட்டன. "தை கடைசில போட்டி இருக்கு மகாராஜன். எனக்கும் வயசாகுது. அப்பா ரைபிளோட ஒருதடவை போய் நின்னுட்டா நிம்மதி. நீங்க மாட்டேன்னா எனக்கு வேற ஆள் கிடையாது" என்று ஒரு பை நிறையக் காலிக் கூடுகளை மேஜையில் வைத்தார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் மகாராஜன் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. யோசனையா அது, தப்பிதமா என்று அப்போது தெரியவில்லை. "வச்சிட்டுப் போங்க சார்" என்றார்.

மறுநாள் முற்பகல், பேத்தி தூங்குகிற நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டார். "ஏளா, வேதமணி சார் கூடு கொண்டாந்திருக்காரு. நீ அங்கன இருந்தே பாத்துச் சொல்லுதியா?"

"போன்லயா?" அவள் வாய்பொத்திச் சிரித்தது அந்தச் சின்னத் திரையில் தெரிந்தது. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷட்டரை இறக்கினார். போனை மேஜையோரம் முடுக்கியிருக்கும் வைஸ் இடுக்கிமேல் சாய்த்து நிறுத்தினார். கூட்டை நெருப்பில் உருட்டினார். "போதும்!" தட்டிவிட்டார். இன்னொன்று. "போதும்!" தட்டிவிட்டார். எல்லாம் ஜோராக முடிந்தது. மாலையில் அச்சில் வைத்து அழுத்தினால் வரிசையாகக் கீறல். ஒன்றுகூட இளகியிருக்கவில்லை. இருட்டில் போன் காமிரா தன் போக்கில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. பித்தளை சிவக்கும் முன்னே அவள் திரையில் சிவந்துவிட்டது. அடுத்த நாள் அவள் பொறுத்துச் சொன்னாள். இந்தத் தடவை சிக்னல் பொறுக்கவில்லை. சென்னையில் சொன்ன "போதும்" தூத்துக்குடிக்கு நிதானமாக வந்து சேர்வதற்குள் கழுத்தெல்லாம் மாவு. போனில் சிவப்பைப் பார்த்துப் பித்தளையைப் பதம் செய்யலாம் என்று இறங்கிய ஜோடி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனாலும் இருவரும் விடவில்லை. நெருப்புக்கு எவ்வளவு தள்ளிப் போனை வைத்தால் வெளிச்சம் பொய் சொல்லாது, எவ்வளவு முன்கூட்டிச் சொன்னால் நேரத்துக்கு வந்து சேரும் என்று தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு நன்றாக வந்தன. அதைவிட முக்கியம், ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் நடுவில் பேச்சு வர ஆரம்பித்தது. "சட்டை காலர் ஏன் இப்படி மஞ்சளா இருக்கு? நீலம் போடலியா?" "நீலத்துக்கும் எனக்கும் பகை இல்லளா, மறந்துட்டேன்." "மெலிஞ்சு போயிட்டிய." "காமிரா அப்படிக் காட்டுது." அவள் அவரைப் பார்த்தாள், பேத்தியின் பக்கம் போனைத் திருப்பவில்லை. மகாராஜன் காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். பக்கத்துச் சங்குக் கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போறீயளா?" என்று கேலி செய்தார். மகாராஜன் அதற்கும் சிரித்து மழுப்பினார்.

ஐப்பசியில் வேதமணி சார் எட்டிப் பார்த்தார். குப்பை டப்பாவில் கிடந்த கீறல் கூடுகளைக் கண்டு, வயதாகிப் பார்வை மங்குகிறது போலும் என்று தானாக முடிவு செய்துகொண்டார். அடுத்த தடவை வரும்போது ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தார். "மகள் வெளிநாட்டுலேர்ந்து அனுப்பினா. இதைக் கழுத்துல தடவிக் காயவிடுங்க. சரியான சூடு வந்ததும் உருகி எண்ணெய் மாதிரி மினுங்கும். உடனே தட்டிவிட்டுற வேண்டியதுதான். நிறம் பாக்கவே வேண்டாம்."

அவர் போனதும் மகாராஜன் ஒரு கூட்டில் தடவிப் பார்த்தார். சொன்னபடியே மினுங்கியது. அவர் கண்ணுக்கே தெரிந்தது! யாரும் எதுவும் சொல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே தட்டிவிட்டார். அச்சில் வைத்தால் வெண்ணெயாக இறங்கியது. வேறொருவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். மகாராஜன் குப்பியை இறுக மூடினார், எண்ணெய் டின்னுக்குப் பின்னால் தள்ளினார், மறுநாள் முற்பகல் வழக்கம்போல் ஷட்டரை இறக்கிப் போனை வைஸ் மேல் சாய்த்தார்.

அதற்குப்பின் வேலை எறும்பாக ஊர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு கூடு, மிஞ்சினால் இரண்டு. வேதமணி சார் போனில் கேட்டால், "பித்தளை பாத்தியளா, அவசரப்பட்டா மொரண்டு பிடிக்கும்" என்று கதை விட்டார். இதற்கு நடுவில் ஜெயகணேஷ் ஒருநாள் கூப்பிட்டான். பங்குனிக்குள் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவிருந்தது. "எதுக்குப்பா இன்னும் அங்க தனியா? லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு இங்க வந்துருங்க. அம்மாவும் இங்கதான இருக்காங்க." பையன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். முருகேஸ்வரி இருக்கிற வீட்டில் இருப்பது மட்டுமா மகாராஜனுக்கு வேண்டியது? அந்த முக்காலியில், பாதி இருட்டில், கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் அவள் வேண்டும். இதை மகனிடம் எப்படிச் சொல்ல? பெண்டாட்டியிடமே சொன்னதில்லை. "பாப்போம்" என்று வைத்துவிட்டார். புதுப்பிக்கும் மனுவையும் எழுதாமல் போட்டு வைத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு முற்பகல். கடைசியாக இரண்டே கூடுகள் பாக்கி. போன் வழுக்கிச் சரிந்தது. எடுத்து நிமிர்த்தும்போது காமிரா அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டது.

"அது என்னது, எண்ணெய் டின்னுக்குப் பின்னால?"

"எது? ஒண்ணுமில்ல. வார்னிஷ்."

"அந்த அலமாரில எது எங்கன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எடுத்துக் காட்டுங்க."

அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எடுத்துக் காட்டினார். எப்படி வேலை செய்யும் என்றும் சொன்னார். திரையில் அவள் முகம் சுருங்கியது.

"அப்போ கண்ணே வேண்டாமோ?"

"வேண்டாம்னுதான் சார் சொன்னாரு."

"எப்ப குடுத்தாரு?"

"ஐப்பசில."

"ஐப்பசிலயா!" குரல் உயர்ந்து, தூங்குகிற பிள்ளையை நினைத்துத் தாழ்ந்தது. "பிறவு எதுக்கு என்னைய தினமும் இப்படி உக்கார வச்சிருக்கீய? புள்ளையத் தூங்கப் போட்டுட்டு, சோறுகூடத் திங்காம, உங்க வேலை நின்னுறப் பிடாதேன்னு நான் இங்கன கண்ணு வலிக்கப் பாத்துக்கிட்டு இருக்கேன். என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சியளா?"

"அதைத் தடவிட்டா நீ எதுக்குளா வீடியோவுல வருவ?"

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரிந்தது. கேஸ் நெருப்பு உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல் அவர் போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்னால முடியலளா. வீட்டுக்குள்ள போனாப் பயமா இருக்கு. ரயில் ஊதும்போது நெஞ்சை அடைக்குது. கூடு நல்லா வந்து எனக்கு என்னத்துக்கு? எனக்கு நீ வேணும். வந்துரு."

சிக்னல் நின்றுவிட்டதோ என்று போனை உலுக்கிப் பார்த்தார். பிறகு குரல் வந்தது.

"இதைச் சொல்ல இத்தனை மாசமா? நான் கெளம்பும்போது வாசல்ல நின்னு என்ன சொன்னிய? 'நான் பாத்துக்கிடுதேன், பையப் போயிட்டு வா'ன்னிய. நான் இல்லாம சௌரியமாத்தான் இருக்குபோலன்னு நெனச்சேன். இன்னைக்குக் கூப்பிடுவிய, நாளைக்குக் கூப்பிடுவியன்னு பாத்துப் பாத்து... கூப்பிடாத வீட்டுக்கு நானா எப்படி வாரது?"

அங்கே குழந்தை வீரிட்டது. திரை ஆடியது, கூரை தெரிந்தது, இணைப்பு அறுந்தது.

அன்றைக்கு அவர் மறுபடி கூப்பிடவில்லை. வெட்கமா, பயமா, இரண்டும்தான். மறுநாளும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. பாக்கியிருந்த இரண்டில் ஒன்றைக் குப்பி மருந்து தடவிச் செய்து முடித்தார். கச்சிதமாக வந்தது. அதைத் தூக்கி மற்றவற்றோடு போட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கூட்டைத் தொட மனசில்லாமல் மேஜையிலேயே நிறுத்தி வைத்தார்.

அதற்கு மறுநாள் காலை. ஷட்டரைத் தூக்கி, மேஜையில் படிந்த சங்குத் தூளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். சந்து முனையில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிறது. முருகேஸ்வரி இறங்குகிறாள். ரயிலில் தூங்காத முகம், கசங்கிய சேலை. வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்திருக்கிறாள். மகாராஜன் அவளைப் பார்க்கவில்லை, மூட்டைகளைத்தான் பார்க்கிறார். பெரிய பை ஒன்று. கக்கத்தில் பேப்பர் சுற்றிய பொதி. பேப்பர் ஓரம் கிழிந்து, அரிவாள்மனையின் கட்டை வெளியே தெரிகிறது.

"என்ன, ஊமைக் கோட்டான் மாதிரி நிக்கிய? இதை வாங்குங்க, வெட்டிரும்."

வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பானு ஆபீஸ்லயே பிள்ளைகளைப் பாத்துக்கிடுத இடம் இருக்காம். அவதான் சொன்னா, 'போங்க அத்தை, மாமா கூப்பிட்டுட்டாகள்லா'ன்னு. மாசம் ஒருக்கா நான் போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வருவேன். அந்த லைசென்ஸ் மனுவ எழுதினியளா?"

"இன்னைக்கு எழுதிருதேன்."

"கிழிச்சிய." அவள் உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். முக்காலியில் தூசி இல்லாததைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்தாள். "வேதமணி சார் கூடு முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாக்கி."

"அப்ப அதை முடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம்."

ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே பழைய இருட்டு வந்து சேர்ந்தது. நெருப்பைப் பற்றவைத்து, நிறுத்தி வைத்திருந்த கூட்டை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். அவள் கையில் கீரை இல்லாததால் முந்தானை நுனியை உருவிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக மகாராஜன் நெருப்பையே பார்த்தபடி உருட்டுவார். அதில் அவருக்கு எதுவும் தெரிந்ததில்லை. வாடிக்கைக்காரர்களுக்காக அப்படி ஒரு பாவனை. இன்று யாரும் இல்லை. அவர் தலையைத் திருப்பி, நெருப்பு வெளிச்சம் விழுந்த அவள் முகத்தைப் பார்த்தார்.

"போதும்" என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும்ங்கேன்ல! அங்கன பாருங்க, என் மூஞ்சில என்ன இருக்கு? ஐயோ, கருகுது. வேதமணி சாருக்கு ஒண்ணு கொறையும்..."

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. முருகேஸ்வரி எழுந்து கையை நீட்டி கேஸ் திருகை மூடினாள். அணைந்த நெருப்பின் முன்னால், இருட்டுக்குள், அவர் கை அந்தக் கூட்டை இன்னும் உருட்டிக்கொண்டே இருந்தது.